டிஸ்ப்ளே வரலைங்க

திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் எனக்கு அதிகம் வரும் போன் இதுதான்: "அண்ணா, சிஸ்டம் ஓடுது, ஃபேன் எல்லாம் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரலைங்க. கார்டு போயிடுச்சுங்களா?" பேசுபவர் பனியன் கம்பெனியில் பிரிண்ட் டிசைன் போடுபவராக இருப்பார், கல்யாண வீடியோ எடிட் செய்பவராக இருப்பார், கேம் விளையாடும் கல்லூரிப் பையனாகவும் இருப்பார். எல்லோர் குரலிலும் ஒரே பயம். அந்தப் பயம் நியாயமானது. சுமாரான ஒரு கிராபிக்ஸ் கார்டே இருபது, முப்பதாயிரம் ரூபாய் ஆகிறது. டிசைனர்கள் பலருக்கு அது ஒரு மாதச் சம்பளம். ஆகவே ‘கார்டு போச்சு’ என்ற தீர்ப்பை மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். படம் திரைக்கு வந்து சேரும் வழியில் கார்டு ஒரு கட்டம்தான். கரன்ட், எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை, ரேம், கேபிள், மானிட்டர் என்று அந்த வழியில் எது தடுக்கினாலும் கடைசியில் கறுப்பது திரைதான்.

அதனால் போனிலேயே முதலில் ஒன்றைக் கேட்பேன்: எப்போது கறுக்கிறது? ஸ்விட்சைப் போட்டதிலிருந்தே ஒன்றும் வரவில்லையா? மதர்போர்டு கம்பெனியின் லோகோ வந்துவிட்டு, விண்டோஸ் திறக்கும் நேரத்தில் கறுக்கிறதா? இல்லை, ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, ரெண்டரிங் போட்டதும் போகிறதா? மூன்றும் வேறு வேறு கோளாறுகள். லோகோ தெரிந்தால் கார்டு படம் கொடுக்கிறது என்று அர்த்தம். அங்கே சந்தேகப்பட வேண்டியது டிரைவரை. விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதற்கும் அசையவில்லை என்றால் சேஃப் மோடில் திறந்து, பழைய டிரைவரை முழுதாக நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டும். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

தொடக்கத்திலிருந்தே ஒன்றும் வரவில்லை என்றால் சிபியுவின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்களுக்கு வேலை கூடும். பூஜைக்காக எல்லாக் கேபிளையும் பிடுங்கித் துடைத்து, பொட்டு வைத்து, திரும்பச் செருகும்போது எச்டிஎம்ஐ வயர் கார்டில் போகாமல் மேலே இருக்கும் மதர்போர்டு துளைக்குள் போய்விடுகிறது. நெட்டு வரிசையில் இருப்பவை மதர்போர்டின் துளைகள். அவற்றுக்குக் கீழே படுக்கைவாட்டில் இருப்பவை கார்டின் துளைகள். மானிட்டர் வயர் கீழேதான் இருக்க வேண்டும். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதில் டிஸ்ப்ளே பகுதியே கிடையாது. மேல் துளையில் வயரைச் செருகினால் ‘நோ சிக்னல்’ என்று மட்டும்தான் வரும்.

இன்னொன்று, பழைய விஜிஏ மானிட்டர். 2016-ல் என்விடியாவின் 10 வரிசை வந்ததிலிருந்து புதிய கார்டுகள் அந்தப் பழைய அனலாக் சிக்னலைத் தருவதில்லை. அதனால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் மாட்டுகிறார்கள். குறைந்த விலைக் கன்வெர்ட்டர் சூடாகி நின்றுவிட்டால் பழி கார்டின் மேல் விழுகிறது. வீட்டு டிவியிலோ வேறு மானிட்டரிலோ நேராக மாட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது கரன்ட். மக்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மதர்போர்டு ஸ்லாட் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். ஆறு பின் கனெக்டர் 75 வாட், எட்டு பின் 150 வாட். இந்த வயர் பாதி மட்டும் செருகியிருந்தாலும் கார்டின் ஃபேன் சுற்றலாம், படம் வராது. கிளிப் ‘டக்’கென்று பூட்டும் வரை அழுத்துங்கள். புதிய பெரிய கார்டுகளின் பதினாறு பின் கனெக்டருக்கு இது இன்னும் முக்கியம். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது கனெக்டர்கள் உருகிய செய்திகள் பல நாடுகளிலிருந்து வந்தன. முழுதாகச் செருகாததை அப்போது முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கனெக்டரின் வடிவத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் என் கருத்து கடுமையானது. ‘500 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி, கேபினெட்டோடு சேர்த்துத் தரும் மலிவான சப்ளையில் நல்ல கார்டை மாட்டாதீர்கள். அந்த லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான். பிராசசரும் கார்டும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சும்மா இருக்கும்போது ஓடி, ரெண்டரிங் போட்டதும் கறுத்துப் போகிற சிஸ்டங்கள் பலவற்றில் வியாதி இதுவே. யுபிஎஸ்ஸுக்கும் இதே கணக்கு. 600 விஏ என்று விற்கும் யுபிஎஸ்கள் பலவற்றின் உண்மையான தாங்குதிறன் 360 வாட். கரன்ட் போகும் நொடியில் சிஸ்டமும் சேர்ந்து அணைந்தால் கார்டைக் கழற்றாதீர்கள், யுபிஎஸ்ஸைப் பாருங்கள்.

ரேம் சரியாக உட்காராவிட்டாலும் டிஸ்ப்ளே வராது. இப்போதைய மதர்போர்டுகள் பலவற்றில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ கோளாறு அந்தப் பக்கம். இந்த விளக்கு இல்லாத போர்டில் கரன்டைத் துண்டித்து, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கிவிட்டு, ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டிப் பாருங்கள். ரேமையும் கார்டையும் கழற்றும்போது அவற்றின் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, திரும்ப அழுத்தி மாட்டுங்கள். கார்டைக் கழற்றும்போது ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள தாழை விடுவிக்காமல் இழுக்கக் கூடாது.

எங்கள் ஊருக்கென்று ஒரு கோளாறு உண்டு: பஞ்சு. நிட்டிங் மெஷின் ஓடும் கட்டடத்தில் வைத்த சிஸ்டத்தைத் திறந்தால், கார்டின் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை போல அடைத்திருக்கும். ஃபேன் தள்ளும் காற்று வெளியே வர வழியில்லை. சூடு ஏறியதும் கார்டு முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறமும் ஏறினால் படத்தை நிறுத்திவிடும். ஆறவிட்டு ஆன் செய்தால் மறுபடி ஓடும், அதனால் பலர் இதைக் கவனிப்பதில்லை. புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். மில், பவர்லூம், மரப்பட்டறைப் பக்கம் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் படம் வரவில்லை என்றால், கார்டை வேறொரு நல்ல சிஸ்டத்தில் மாட்டிப் பார்ப்பதுதான் நிச்சயமான சோதனை. அங்கேயும் வராவிட்டால் கார்டில்தான் கோளாறு. திரையில் கோடுகள், கலர் கட்டங்கள் சிதறித் தெரிந்து பிறகு கறுத்திருந்தால், அதன் மெமரியோ சிப்போ பழுதாகியிருக்கலாம்.

அந்த நிலையில் சிலர் கார்டை ஓவனில் வைத்தும் ஹீட் கன்னால் காய்ச்சியும் ‘உயிர் கொடுக்கிறார்கள்’. தயவுசெய்து வேண்டாம். சிப்புக்கும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் நுண்ணிய ஈயப்பொட்டுகள் சூடேறி, ஆறி, சூடேறி விரிசல் விடுவது உண்மைதான். 2008-ல் லேப்டாப் சிப்களின் இந்தப் பகுதியில் இருந்த பலவீனத்துக்காக என்விடியா நிறுவனமே 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. ஆனால் சூடு அந்த விரிசலைத் தற்காலிகமாக ஒட்டவைக்குமே தவிர, ஆற்றாது. சில வாரத்தில் திரும்பக் கறுக்கும். அதற்குள் அந்தக் கார்டை ‘ஒர்க்கிங் கண்டிஷன்’ என்று இன்னொருவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ கரன்சி மைனிங் முறையை நிறுத்தியபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாக செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. எதை வாங்கினாலும் உங்கள் கண் முன்னால் அரை மணி நேரமாவது முழு லோடில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்கிய கார்டு என்றால் ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன் பில்லை எடுங்கள். பல கம்பெனிகள் மூன்று ஆண்டு வாரன்டி தருகின்றன. சீரியல் நம்பர் ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் அந்த வாரன்டி கிடைப்பது கஷ்டம். கார்டைக் கொடுக்கும் முன் அந்த ஸ்டிக்கரையும் கனெக்டர்களையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ்காரர் "கார்டு போச்சு" என்றால், "இன்னொரு சிஸ்டத்தில் மாட்டிக் காட்டுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் புதிய கார்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.