நிஜம் போன்ற நகல்

சாதாரணக் குடிமகன் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே முடியாத ஜப்பானில்தான் ஏர்சாஃப்ட் எனும் துப்பாக்கி நகல் பிறந்தது. அது தற்செயல் அல்ல. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியை மக்களிடமிருந்து விலக்கியது, ஆர்வத்தை விலக்கவில்லை. 1971-இல் உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே காற்றழுத்தத்தில் பிளாஸ்டிக் குண்டு சுடும் நகல்கள் தலைகாட்டின. 1991-இல் டோக்கியோ மாருயி நிறுவனம் மின்மோட்டாரில் இயங்கும் ஃபமாஸ் ரகத் துப்பாக்கியின் நகலை வெளியிட்டது. 2006-இல் ஆறு மில்லிமீட்டர் குண்டின் ஆற்றலுக்கும் சட்டம் சுமார் 0.98 ஜூல் என உச்சவரம்பு விதித்தது. இந்த நகல்களைச் சேகரிப்பவர்கள் தேடுவது சுடும் வலிமையை அல்ல. எடை, வடிவம், உள்ளே இயங்கும் பொறியின் நேர்த்தி ஆகியவற்றையே. ஆகவே கடுமையான சட்டம் இந்தப் பொழுதுபோக்கை அழிக்கவில்லை, செதுக்கியது.

நிஜம் போலவே இருப்பதுதானே ஆபத்து என்பார்கள். உண்மைதான். 2014-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், ஏர்சாஃப்ட் நகல் வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைக் காவலர் சுட்டுக் கொன்றார். அந்த நகலின் முனையில், அது நிஜமல்ல என்று காட்டும் ஆரஞ்சு அடையாளம் இல்லை. ஆனால் நிஜத் துப்பாக்கி மலிந்த நாட்டில்தான் நகல் இப்படி உயிரைப் பறிக்கிறது. கழற்றிவிடக்கூடிய வண்ணமுனை மட்டும் போதாது. பிரிட்டன் 2007 முதல் நிஜத்தோற்ற நகல்களின் விற்பனையையே வரையறுத்து, பதிவுபெற்ற விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு தந்தது. அலமாரியில் இருக்கும் நகலால் தீங்கில்லை. தெருவில் அது நகல் என்று யாருக்கும் தெரியாது. தடைசெய்ய வேண்டியது சேகரிப்பை அல்ல, பொது இடத்தில் காட்டுவதை.