ஊர்க் கழிவும் கமக்காரரின் கூட்டெருவும்

நிலத்தில் விளைந்த பொருளின் மிச்சம் மீண்டும் நிலத்தையே சேர்தல் வேண்டும் என்பது வேளாண்மையின் பழைய நியதி. முன்னாளில் வைக்கோலும் சாணமும் சமையலறைக் கழிவும் வீட்டு எருக்குழியைச் சென்றடைந்தன. இன்று கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில் வீடுகள் நெருங்கிவிட்டன. எருக்குழிக்கு இடமில்லை. கழிவுடன் பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் கலந்துவிட்டன. இக்கலப்பினால், எருவாகக்கூடிய பொருள் கேடாக மாறுகின்றது. கழிவு தோன்றும் இடத்திலேயே அதனைப் பிரித்தால் அக்கேடு நீங்கும். இது வீட்டாரும் கமக்காரரும் உள்ளூராட்சிச் சபையும் கூடிச் செய்யவேண்டிய வேலையாகும்.

பள்ளக்காடு தரும் பாடம்

ஒன்பது ஊர்களின் கழிவை மீள்சுழற்சி செய்யும்பொருட்டு, அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் 2008 ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. காட்டு யானைகள் புகாதவாறு இடப்பட்டிருந்த மின்வேலி 2014 இல் மின்னல் தாக்கிப் பழுதுற்றது. அது திருத்தப்படவில்லை என 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. உணவின் மணத்தை நாடி வந்த யானைகள், அது ஒட்டியிருந்த பொலித்தீனையும் சேர்த்து விழுங்கின. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டதாக அச்செய்திகள் கூறின. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் காணப்பட்டன.

குப்பை மேட்டுக்குப் பழகிய யானை அயலிலுள்ள வயலையும் விட்டுவைப்பதில்லை. எனவே இது கமக்காரருக்கும் உரிய பிரச்சினையாகும். வேலி பழுதுற்றது ஒரு குறை. உணவுக் கழிவும் பொலித்தீனும் ஒரே பையில் கட்டப்பட்டு அங்கு சென்றமையோ அதனினும் பெரிய குறை. அக்குறை குப்பை மேட்டில் அன்று, அடுப்படியில் தொடங்குகின்றது.

வயலுக்கும் கிணற்றுக்கும் நேரும் தீங்கு

சேனாநாயக்க சமுத்திரத்து நீர் பல வாய்க்கால்களைக் கடந்தே கரையோர வட்டைகளை அடைகின்றது. மேலே எறியப்படும் பைகள் மதகுகளிலும் குழாய்களிலும் அடைந்து, கடைசி வயலுக்குச் செல்லும் நீரைத் தடுக்கின்றன. மண்ணிற் புதைந்த பொலித்தீன் உக்குவதில்லை. நீர் கீழிறங்குவதையும் வேர் பரவுவதையும் அது தடுக்கின்றது. புல்லுடன் அதனைத் தின்னும் மாடுகள் நோயுற்று இறக்கின்றன.

கரையோர மணல் நிலத்தில் நிலத்தடி நீர் ஆழமின்றி உள்ளது. ஆதலால் கிணற்றருகே புதைக்கப்படும் கழிவின் சாறு விரைவில் நீரிற் கலக்கும். பிளாஸ்டிக்கை எரிப்பதும் பரிகாரமன்று. அதன் புகை நச்சுத்தன்மை உடையது.

கூட்டெருவின் பயன்

மணல் நிலம் நீரையும் உரத்தையும் தாங்கி வைப்பதில்லை. கத்தரி, மிளகாய், வெண்டி முதலியவற்றுக்கு இடும் உரத்தின் ஒரு பகுதி நீருடன் கீழிறங்கி வீணாகின்றது. கூட்டெரு இடப்பட்ட மண் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கின்றது.

எனினும் கூட்டெருவில் நைதரசன் சொற்ப அளவிலேயே உண்டு. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, கூட்டெருவால் மட்டும் அதனை ஈடுசெய்ய இயலாமையைக் கமக்காரர் அனுபவத்திற் கண்டனர். ஆகவே கூட்டெருவை மண்ணைத் திருத்தும் பொருளாகக் கொண்டு, சிபாரிசு செய்யப்பட்ட உரத்துடன் சேர்த்து இடுதல் நன்று. கண்ணாடித் துண்டோ பொலித்தீனோ கலந்த எருவை ஒருபோதும் ஏற்கலாகாது.

ஒவ்வொருவரும் செய்யவேண்டியவை

1. வீட்டார்: உக்கும் கழிவை ஒரு பாத்திரத்திலும் உக்காத கழிவை வேறொன்றிலும் இடுதல் வேண்டும். உணவு சுற்றும் பொலித்தீன் தாள் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை செய்யப்பட்டது. வாழையிலையும் பன்பையும் பழைய வழக்கங்களே. அவற்றுக்குத் திரும்புதல் கடினமன்று.

2. பாடசாலையும் பள்ளிவாசலும்: பாடசாலைத் தோட்டத்தில் ஒரு கூட்டெருக் குவியல் இருப்பின், மாணவர் கண்டு கற்பர், கற்றதை வீட்டிற் சொல்வர். தூய்மையை வலியுறுத்தும் ஜும்ஆப் பிரசங்கத்தில் வாய்க்காலின் தூய்மையும் இடம்பெறலாம்.

3. உள்ளூராட்சிச் சபை: பிரித்து வைத்த கழிவைப் பிரித்தே எடுத்துச் செல்லுதல் வேண்டும். வண்டியில் அவை மீண்டும் கலக்கப்படின் வீட்டார் ஊக்கம் இழப்பர்.

4. கமக்காரர் அமைப்பு: போகத் தொடக்கத்தில் வாய்க்காலைத் துப்புரவு செய்யும் நாளில் பொலித்தீனையும் பொறுக்கி அகற்றலாம். பூச்சிநாசினிப் போத்தல்களை மும்முறை கழுவி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டு ஒதுக்குதல் வேண்டும். அதனை வாய்க்காலில் எறிவதும் வீட்டுப் பாவனைக்கு எடுப்பதும் ஆபத்தானவை.

குவியல் அமைக்கும் முறை

மழைநீர் தேங்காத நிழலிடத்தில், கிணற்றுக்குத் தூரமாக, ஒரு மீற்றர் உயரமான குவியல் அமைத்தல் போதும். வைக்கோல் அல்லது சருகு ஓர் அடுக்கு, கிளிசரிடியா இலையும் சமையற் கழிவும் ஓர் அடுக்கு, அதன்மேல் சிறிது சாணம் என மாறி மாறி இடுக. மீன் கழிவைக் குவியலின் நடுவே புதைத்தால் நாற்றமும் ஈயும் குறையும். உப்பிட்ட கருவாட்டுக் கழிவைச் சேர்க்கலாகாது. கையிற் பிழிந்தால் ஈரம் தெரியவேண்டும், நீர் வடியலாகாது. பெரும்போக மழையில் கிடுகினால் மூடுக. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை புரட்டின், ஏறத்தாழ மூன்று மாதத்தில் கரிய நிறமும் மண் வாசனையும் உடைய எரு கிடைக்கும்.

நகரத்து அடுக்களையில் பிரித்து வைக்கப்படும் ஒரு கூடைக் கழிவு, கமக்காரரின் பாத்தியில் ஒரு கூடை மண்வளமாகும். பிரிக்காது விடப்படின் அதே கூடை வாய்க்காலை அடைக்கும். இது குறித்து மேலும் அறிய விரும்புவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவார்களாக.