ஏணைக்கு மேலே ஒரு தறப்பாள்

வன்னி நாட்டிலே தறப்பாளை அறியாத வீடு இல்லை. களத்து நெல்லைக் காயவிடுவதும் அதன் மேலேதான். எதிர்பாராத மழை வந்தால் அந்நெல்லை மூடுவதும் அதனாலேதான். ஓடு கலைந்த வீட்டுக்கு அது கூரை. உழவு இயந்திரப் பெட்டிக்கு அது போர்வை. தார் பூசிய கித்தானை ஆங்கிலேயர் 'தார்ப்போலின்' என வழங்கினர். அச்சொல்லே நம் நாவிலே தறப்பாள் ஆயிற்று. இன்றைய தறப்பாளிலே தாரும் இல்லை, கித்தானும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இரு மரங்களுக்கிடையே வலை ஏணையொன்றைக் கட்டி, அதற்கு மேலே தறப்பாள் விரித்து இரவைக் கழிக்கும் வழக்கம் இப்போது பல நாட்டு இளைஞரிடையே பரவியிருக்கிறது. 1492ஆம் ஆண்டு பகாமாத் தீவுகளை அடைந்த கொலம்பஸ், அங்குள்ள மக்கள் பருத்தி நூல் வலைகளிலே துயின்றதைக் கண்டு வியந்தாராம். நம் வீட்டுக் குழந்தைக்குப் பழஞ்சேலையாற் கட்டும் ஏணையின் பெரிய உருவமே அது என்றால் நேயர்களுக்கு விளங்கும். நிலத்து ஈரமும் பூச்சி பொட்டும் அணுகாத படுக்கை. வன்னிக் காட்டோரத்துக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் மேலே இருக்கும் தறப்பாள் சரியாக அமையாவிட்டால், விடியும்போது அது நீர் நிறைந்த தொட்டியாகிவிடும்.

கண்டாவளை மழைக்குப் பேர்போன ஊர் அன்று. உலர் வலயத்தைச் சேர்ந்ததே. ஆயினும் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்க்கிறது. அதுவும் செங்குத்தாகப் பெய்வதில்லை. கடனீரேரிப் பக்கமிருந்து வீசும் வாடைக்காற்று அதனைச் சரித்துக்கொண்டு வருகிறது. 2018ஆம் ஆண்டு டிசம்பரிலே ஒரே இரவிற் பெய்த பெருமழையால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதும், கனகராயன் ஆறு பெருகிக் கண்டாவளைப் பிரிவின் தாழ்நிலங்களை வெள்ளம் சூழ்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே, ஆற்றங்கரை மருதமர நிழல் எவ்வளவு அழகாயிருப்பினும் மாரி காலத்தில் அங்கே ஏணை கட்டலாகாது.

தறப்பாளைப் பற்றி வன்னி மக்களுக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தருமபுரம் முதலிய இடங்களிலே மரங்களின் கீழும் வீதியோரங்களிலும் தறப்பாட் கொட்டில்களில் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் நிஷாப் புயல் வந்தது. அந்த மழையிலே பச்சைக் குழந்தையோடும் நோயாளியோடும் இருந்தவர்களுக்கு, ஒரு தறப்பாளின் சாய்வு நான்கு விரற்கடை கூடுவதும் குறைவதும் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. எந்தத் துணி ஒழுகும், எந்த மூலை முதலிற் கிழியும், எந்தப் பக்கத்தைத் தாழ்த்த வேண்டும் என்பவற்றை அவர்கள் கற்றது புத்தகத்திலே அன்று. இன்று பொழுதுபோக்குக்காகத் தறப்பாள் விரிக்கும் மாணவர்கள், தத்தம் வீட்டு மூத்தோரிடம் அதனை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நன்று.

இனித் துணியைப் பார்ப்போம். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஸ்தானிகராலயத்தின் வெண்ணிறத் தறப்பாளை யாவரும் கண்டிருப்பர். அது 4 மீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் உடையது. கரிய பொலித்தீன் இழைகளை நெய்து, இருபுறமும் பொலித்தீன் படலம் ஒட்டப்பட்டது. இழை கரிதாயிருப்பது ஒளியைத் தடுக்க. சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 200 கிராம் எடை. முழுத் தறப்பாள் 4 கிலோகிராம் வரை வரும். சைக்கிளிலே கொண்டுபோகலாம், முதுகிற் சுமந்து நடப்பது வீண் வருத்தம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய நீலத் தறப்பாள் சுமப்பதற்கு எளிது. ஆனால் ஒரு கோடை வெயில் பட்டாலே பலவும் உதிரத் தொடங்கிவிடும். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைகள் நட்சத்திரம்போல மின்னினால் அதனை அங்கேயே வைத்துவிடுக. மூலைக் கண்கள் இரட்டை மடிப்பின்மேல் அடிக்கப்பட்டுள்ளனவா என்பதையும் நோக்குக.

சிலிக்கன் ஊட்டிய நைலோன் துணி பணமுடையோர் தெரிவு. 3 மீற்றர்ச் சதுரத் துண்டு அரைக் கிலோகிராம் அளவிலேயே இருக்கும். ஆயினும் நைலோன் நனைந்தால் இளகித் தொய்யும். நள்ளிரவில் எழுந்து கயிற்றை இறுக்க வேண்டியிருக்கும். பொலியெஸ்டர் அவ்வாறு தொய்வதில்லை. இத்துணிகளின் விளம்பரத்தில் '1500 மில்லிமீற்றர்', '3000 மில்லிமீற்றர்' என எண்கள் காணப்படும். துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி நீர் ஊற்றினால், எவ்வளவு உயரம் வரையில் துணி அந்நீரைத் தாங்குகிறது என்பதே அதன் பொருள். 1500 என்பது தலைக்கு மேலே சாய்வாகக் கட்டும் கூரைக்குப் போதுமானது. எண் பெரிதாயிருக்க வேண்டுமென்று பணத்தைக் கொட்டுவதற்குப் பதிலாக, அளவு பெரிதான தறப்பாளை வாங்குவதே புத்தி என்பது என் கருத்து.

அளவைக் கணக்கிடுவது மாணவர்க்கு எளிது. ஏணை 3 மீற்றர் நீளமாயின், தறப்பாளின் முகடு ஒவ்வொரு முனையிலும் ஒரு சாணாவது கூடுதலாக நீண்டிருத்தல் வேண்டும். 3 மீற்றர்ச் சதுரத் தறப்பாளை நேராகக் கட்டினால் முனைகள் நனையும். அதனையே மூலைக்கு மூலை கட்டினால் முகடு 4.24 மீற்றர் ஆகிவிடுகிறது. பைதகரஸ் தேற்றம் பரீட்சைக்கு மட்டுமன்று, மழைக்கும் உதவும்! ஆனால் இம்முறையிற் பக்கங்கள் குறுகிவிடுவதால், சரிந்து வரும் வாடை மழைக்கு நீள்சதுரத் தறப்பாளே பாதுகாப்பானது.

பழைய பருத்திக் கித்தான் இன்னும் சில வீடுகளில் உண்டு. அது நனைந்ததும் நூல்கள் பருத்துத் துளைகளை அடைக்கும். துளைகளிலே நீர்த் தோல் படிந்து நிற்கும். உட்புறத்தை விரலாலே தொட்டால் அத்தோல் உடைந்து அவ்விடத்திலே ஒழுகத் தொடங்கும். பழைய சாரணர் கூடாரங்களில் 'சுவரைத் தொடாதே' என்று கண்டித்தது இதனாலேதான். இக்கித்தானுக்கு நீர்க்காப்பு ஏற்ற மலிவான முறையொன்று உண்டு. 450 கிராம் சலவைச் சவர்க்காரக் கட்டியைச் சீவி 8 லீற்றர் வெந்நீரிற் கரைத்து, கித்தானை ஊறவைத்துப் பிழிந்து காயவிட வேண்டும். பின்னர் 225 கிராம் படிகாரத்தை 4 லீற்றர் வெந்நீரிற் கரைத்து அதிலே ஊறவைத்து உலர்த்த வேண்டும். சவர்க்காரமும் படிகாரத்திலுள்ள அலுமினியமும் கூடி, நீரிற் கரையாத ஒரு பொருளாகி நூலிழைகளிற் படியும். சலவைத் தூள் இதற்கு உதவாது. மெழுகைச் சூடாக்கித் தேய்ப்பதும் உண்டு. ஆனால் மெழுகேறிய துணி தீக்கு அஞ்சவேண்டியது. பொலித்தீனும் அவ்வாறே. தறப்பாளின் கீழே குப்பிவிளக்கு வேண்டவே வேண்டாம்.

பொலித்தீன் தறப்பாளுக்கு இப்பூச்சுகள் எவையும் ஒட்டா. சைக்கிள் ரியூப் ஒட்டும் 'சொலூசன்' பூசி ஏமாந்தவர் பலர். துளையின் இருபுறமும் துடைத்து உலர்த்தி, தறப்பாளுக்குரிய ஒட்டுநாடாவை ஒட்டுவதே வழி. சிலிக்கன் நைலோனுக்குச் சிலிக்கன் பசையையே தையல்களிற் பூச வேண்டும். வேறு பசை இரண்டு மழைக்குள் உரிந்துவிடும். மூலைக் கண் பிய்ந்துவிட்டதோ? அவ்விடத்திலே உருண்டைக் கூழாங்கல்லொன்றை உள்ளே வைத்து, தறப்பாளைச் சுற்றிச் சுருக்கிட்டுக் கயிறு கட்டுங்கள். காற்றின் இழுவை ஒரு புள்ளியிலே விழாது கல்லைச் சுற்றிப் பரவுவதால், பித்தளைக் கண்ணைவிட அது உறுதியாக நிற்பதும் உண்டு. முகாம்களிலே கையாண்ட முறை இது.

எவ்வளவு நல்ல துணியாயினும் கட்டும் முறை பிழைத்தால் பயனில்லை. முகட்டுக் கயிற்றை வில்நாண்போல இறுக்குக. வடகிழக்குப் பக்கத்தை நிலத்தருகே தாழ்த்தி, மறுபக்கத்தைச் சற்றே உயர்த்துக. உள்ளிருந்து வரும் மூச்சின் ஈரம் வெளியேற வழி வேண்டுமல்லவா? எங்கும் தொய்வு இருத்தலாகாது. ஒரு சதுர மீற்றர்ப் பரப்பிலே 5 சென்ரிமீற்றர் நீர் தேங்கினால் அதன் பாரம் 50 கிலோகிராம். ஓர் ஆள் தறப்பாளின்மேல் ஏறிப் படுத்தது போலாகும்.

இன்னொரு சிறு சூழ்ச்சி. தறப்பாள் உலர்ந்திருந்தும் ஏணை நனைகிறதென்று வியப்போர் உளர். மரத்திலே வழியும் நீர் ஏணைக் கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கி வருவதே காரணம். தறப்பாளின் விளிம்புக்கு உட்புறமாக, அக்கயிற்றிலே ஒரு முழப் பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிட்டால், நீர் அந்நூல் வழியே சொட்டிவிடும்.

இடத்தைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். தென்னையின் கீழும் பட்ட கொம்புள்ள மரத்தின் கீழும் ஏணை கட்டலாகாது. கண்ணிவெடி அகற்றும் பணி முற்றுப்பெறாத நிலங்கள் வடக்கிலே இன்னும் உள. ஊரவர் நடமாடாத பற்றைக்குள் முளை அடிக்கப் போகலாகாது. காட்டு நிறத் தறப்பாள் படம் பிடிக்க அழகாயிருக்கும். இரவிலே தேடி வருவோர் கண்ணுக்கு வெள்ளையே தெரியும்.

வீடு திரும்பியதும் ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். கித்தானாயின் இரண்டு நாளிற் பூஞ்சணம் பிடித்துவிடும். நிழலிலே உலர்த்தி, எலி ஏறாத இடத்திலே தொங்கவிடுக. தை மாசியில் அறுவடை தொடங்கியதும், நெல் காயவிட அதனையே களத்துக்கு எடுத்துச் செல்ல வீட்டிற் கேட்பர். அதற்குப் பழைய தறப்பாளைக் கொடுத்துவிடுங்கள். கல்லிலும் மண்ணிலும் இழுபட்ட தறப்பாளிலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுந்துவிடும். அடுத்த ஐப்பசியிலேதான் அவை வெளிப்படும்.