முத்துப்படலமும் சங்கும்: தொல்பொருள் ஆய்வில் கருதத்தக்க ஒரு வேறுபாடு

முன்னுரை

அகழாய்வில் கிடைக்கும் கடற்பொருள்கள் அனைத்தையும் ‘சிப்பி’ என ஒரே சொல்லால் பதிவுசெய்தால், முத்துச்சிப்பிக்கும் சங்குக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும்.

அமைப்பு

முத்துச்சிப்பியின் உட்புறத்தில் வானவில் நிறங்காட்டும் அடுக்கே முத்துப்படலம். அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட் தகடுகளும், புரதமும் கைட்டினும் கலந்த மென்படலங்களும் மாறி மாறி அடுக்கப்பட்டு இது உருவாகிறது. ஒரு தகட்டின் தடிமன் ஏறத்தாழ 0.5 மைக்ரோமீட்டர். அது கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளத்தை ஒத்திருப்பதால், அடுக்குகளில் பட்டுத் திரும்பும் கதிர்கள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறங்களைத் தோற்றுவிக்கின்றன. முத்தும் இப்பொருளால் ஆனதே.

சங்கும் அரகோனைட்டால் ஆனதே. எனினும் அதன் படிகங்கள் குறுக்கும் நெடுக்குமான இழைகளாக அமைந்தவை. ஆகவே அது நிறம் மாறாத வெண்மையும், வளையாக அறுத்தற்கேற்ற கனமும் உடையது.

சான்றுகள்

பாண்டியரின் கொற்கையில் நடந்த முத்துக்குளிப்பைப் பெரிப்ளூஸ் குறிப்பிடுகிறது. மதுரைக்காஞ்சி கொற்கை முத்தை ஓரிடத்தும், மதுரை நகரில் சங்கறுத்து வளை கடைவோரை வேறோரிடத்தும் கூறுகிறது. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவிலுள்ள கீழடியில் சங்கு வளையல்கள் கிடைத்துள்ளன. இவை கடற்கரையோடு இருந்த தொடர்பைக் காட்டுவன; முத்து வணிகத்திற்கு நேர்ச்சான்று ஆகா.

முடிவுரை

நெடுங்காலம் மண்ணில் புதையுண்ட முத்துப்படலம் ஒளி மங்கி ஏடேடாக உரியும். எனவே நிறத்தை மட்டும் நம்பாது, உடைந்த விளிம்பின் அமைப்பை நுண்ணோக்கியில் கண்டு, உயிரினப் பெயரோடு பதிவுசெய்தல் வேண்டும். அப்போதுதான் முத்துத்தொழிலையும் சங்குத்தொழிலையும் தனித்தனியே மதிப்பிட இயலும்.