குதிரைக்கு இருக்கிறது ஊசி

1999 கோடையில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் காகங்கள் செத்துச் செத்து விழுந்தன. பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் பூநாரைகள் மடிந்தன. அதே வாரங்களில் மூளைக்காய்ச்சலோடு முதியவர்கள் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்றுதான் அதிகாரிகள் முதலில் அறிவித்தார்கள். பறவைகளின் சாவையும் மனிதர்களின் நோயையும் சேர்த்துப் பாருங்கள் என்று விடாமல் மன்றாடினார், காட்சிசாலையின் நோயியல் மருத்துவர் டிரேசி மெக்னமாரா. அவர் சந்தேகம் சரியாயிற்று. 1937-இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட வெஸ்ட் நைல் வைரஸ் முதன்முறையாக அமெரிக்கா வந்து சேர்ந்திருந்தது. லாங் ஐலண்டில் குதிரைகளுக்கும் அது கண்டது. அந்த ஆண்டு 25 குதிரைகள்.

நோய் கண்ட குதிரையைப் பார்க்கச் சகிக்காது. பின்னங்கால்கள் தடுமாறும். முகத்திலும் கழுத்திலும் தசைகள் துடிக்கும். உதடு தொங்கும். ஒருமுறை படுத்துவிட்டால் எழுந்திருக்க முடியாமல் போகலாம். அரை டன் எடையுள்ள விலங்கு லாயத்தில் அப்படிக் கிடந்தால், அதைத் தூக்கி நிறுத்த எந்த மருத்துவராலும் எளிதில் ஆகாது. வைரஸை அழிக்கும் மருந்தும் கிடையாது. நோய் அறிகுறி தெரியும் குதிரைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இறந்துவிடுகிறது, அல்லது வலி தாங்காது என்று கருணைக்கொலை செய்யப்படுகிறது.

2002-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 15,000 குதிரைகளுக்கு இந்த நோய் கண்டது. தடுப்பூசி அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே நிபந்தனை உரிமத்துடன் வந்திருந்தது. வைரஸ் கால் பதித்து இரண்டே ஆண்டுகளில் ஊசி தயாரானது வியப்புக்குரிய வேகம். முதல்முறை போடும் குதிரைக்குச் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி. பிறகு ஆண்டுதோறும், கொசுக்காலம் தொடங்கும் முன் வசந்தத்தில் ஒன்று. சினைக் குதிரைக்கு ஈனுவதற்குச் சில வாரம் முன்பு போட்டால், சீம்பாலோடு குட்டிக்கும் காப்பு போய்ச் சேரும்.

இந்த ஊசி விஷயத்தில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மை போன்ற நோய்களில் ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டால் மீதிப் பேரும் தப்புவார்கள். வெஸ்ட் நைலில் அந்தக் கணக்கு செல்லாது. பறவையிலிருந்து கொசு, கொசுவிலிருந்து பறவை என்றுதான் வைரஸ் சுற்றுகிறது. குதிரையின் ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவு. அதைக் கடிக்கும் கொசுவுக்குத் தொற்றாது. ஆகவே பக்கத்துப் பண்ணையில் நூறு குதிரைக்கு ஊசி போட்டாலும் உங்கள் குதிரைக்கு ஒரு நன்மையும் இல்லை. நோயே காணோமே, இந்த வருடம் விட்டுவிடலாம் என்று நினைப்பவர் தன் குதிரையைத்தான் பணயம் வைக்கிறார்.

எல்லாக் கொசுநோய்க்கும் இதே கதை என்று நினைக்க வேண்டாம். 1971-இல் மெக்சிகோ வழியாக டெக்சாஸுக்குள் நுழைந்த வெனிசுவேலக் குதிரை மூளைக்காய்ச்சல் நேர் எதிரானது. அங்கே குதிரையின் உடல்தான் வைரஸ் பெருகும் உலை. ஒரு குதிரையைக் கடித்த கொசு அடுத்து மனிதரைக் கடித்தால் நோய் தாவும். அமெரிக்க ராணுவம் உருவாக்கி வைத்திருந்த தடுப்பூசியை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளுக்குப் போட்டார்கள். குதிரைகளை வெளியே ஓட்டிச் செல்லத் தடை விதித்தார்கள். விமானத்திலிருந்து கொசுமருந்து தெளித்தார்கள். நோய் டெக்சாஸைத் தாண்டவில்லை. அந்த ஊசி குதிரையோடு குதிரைக்காரரையும் காத்தது.

குதிரைக்கு இவ்வளவு கிடைத்திருக்க, வெஸ்ட் நைலுக்கு மனிதருக்கென்று உரிமம் பெற்ற தடுப்பூசி ஒன்றுகூட இன்னும் இல்லை. தொற்றியவர்களில் ஐந்தில் நால்வருக்கு அறிகுறியே தெரியாது. அடுத்த ஆண்டு நோய் எந்த ஊரில் வெடிக்கும் என்றும் சொல்ல முடியாது. எனவே ஆயிரக்கணக்கானோரை வைத்துச் சோதித்துப் பார்ப்பது கடினம், செலவும் அதிகம். காரணம் புரிகிறது, ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருப்பதை ஏற்க முடியவில்லை. 2019-இல் நம் பக்கத்துக் கேரளத்தில், மலப்புரத்தில், இதே வைரஸுக்கு ஒரு சிறுவன் பலியானான். அவனுக்குப் போட ஊசி இருக்கவில்லை.