மலையடிவாரத் தோப்பில் டென்ட் போட இடம் பார்ப்பது எப்படி?

மேற்கு மலையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் நம்ம சம்சாரிகள் நிறைய பேர் இப்போ டென்ட் வாங்கி வைத்திருக்கிறார்கள். மாங்காய்க் காவலுக்கு ஒன்று. பண்ணையைப் பார்க்க வருகிறவர்கள் ராத்தங்க நாலைந்து. பயிற்சி முகாம் நடத்துகிறவர்கள் பத்து, பதினைந்துகூட வைத்திருக்கிறார்கள். ஓலைக் குடிசை போட ஆகிற செலவு இல்லை, ஆள் கூலி இல்லை, பத்து நிமிசத்தில் நிமிர்த்திவிடலாம்.

சிக்கலும் அந்தப் பத்து நிமிசத்தில்தான் இருக்கு. குடிசை போடுகிறவர் நாலு நாள் யோசித்து இடம் பார்ப்பார். தண்ணி எந்தப் பக்கம் ஓடும், காத்து எங்கிருந்து அடிக்கும் என்று பெரியவர்களிடம் கேட்பார். டென்ட் போடுகிறவர் சமதரையாகத் தெரிகிற இடத்தில் விரித்துப் படுத்துவிடுகிறார்.

எங்கள் மாந்தோப்பு ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற திசையில் இருக்கு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் நிற்கிற தோப்பு. சித்திரை, வைகாசி முழுக்க காவலுக்கு ராத்திரி அங்கேதான். இயற்கை விவசாயம் கத்துக்க வருகிற பிள்ளைகளையும் அங்கே தங்க வைக்கிறோம். இத்தனை வருசத்தில் எங்களுக்குப் பிடிபட்ட கணக்கு இதுதான்: மலையடிவாரத்தில் பார்த்ததும் ஆசை வருகிற இடம் மூன்று. ஓடை ஓரத்து மணல், பெரிய மரத்து நிழல், தண்ணீர்த் தொட்டிப் பக்கம். இடம் பார்க்கும்போது முதலில் தள்ளிவிட வேண்டியவையும் இந்த மூன்றுதான். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பட்டா நிலமா, காடா?

மலையில் இடம் பார்க்கிறதுக்கு முன்னால் இதைத் தெரிஞ்சுக்கணும். நம்ம பகுதிக் காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் அதையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். நாட்டில் 51-வது, தமிழ்நாட்டில் 5-வது. அதற்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், டென்ட் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மலை ஏறிப் பார்க்க ஆசைப்படுகிற விருந்தாளிகளுக்கு, 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகள் இருக்கு, முறையாகப் பதிவு செய்து வழிகாட்டியோடு போய்வரலாம். ராத்திரி படுக்கை நம்ம பட்டா நிலத்தில்தான். நான் இங்கே சொல்வதெல்லாம் அந்த நிலத்துக்குத்தான்.

ஓடை: மழை இங்கே பெய்யணும்னு இல்லை

ஓடைக் கரையில் வெள்ளை மணல் சமமாக, மெத்தை மாதிரி கிடக்கும். கல் பொறுக்க வேண்டாம், முள் இல்லை. அந்த மணலைக் கொண்டுவந்து பரப்பியது வெள்ளம். உருண்டைக் கல் கிடந்தால் அதை உருட்டியதும் வெள்ளம். ஒரு தடவை வந்தது மறுபடியும் அதே வழியில்தான் வரும்.

நம்ம மலை பாறை மலை. மேல்மண் கொஞ்சம்தான், சரிவு செங்குத்து. மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் பாறை அதைக் குடிக்காது, அப்படியே உருட்டிவிடும். அடிவாரத்தில் நிலா காயும், நட்சத்திரம் தெரியும், ஓடையில் மட்டும் தண்ணீர் ஆள் உயரத்துக்கு வரும். 2015 மே மாதம் சதுரகிரியில் நடந்தது நினைவிருக்கும். அமாவாசைக்கு மலை ஏறிய பக்தர்கள் கோடை மழையால் வந்த திடீர் வெள்ளத்தில் சிக்கினார்கள், உயிர்கள் போயின. அந்தப் பாதை மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை என்று ஓடைகளைக் கடந்துதான் போகிறது. கடுங்கோடையில் வறண்டு கிடந்த ஓடைகளா என்று பிறகு ஜனங்கள் கேட்டார்கள். வறண்டு கிடக்கிற ஓடைதான் நம்மை ஏமாற்றும்.

அதனால் டென்ட் இடம் பார்க்கும்போது ஓடை ஓரப் புதரையும் மரத்து வேரையும் பாருங்கள். சருகு, குச்சி, பிளாஸ்டிக் பை எல்லாம் கொத்தாகச் சிக்கித் தொங்கும். அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்திருக்கு என்று அர்த்தம். நாங்கள் வைத்திருக்கிற அளவு: அந்தக் குப்பை தொங்குகிற மட்டத்தைவிட இன்னும் ஒரு ஆள் உயரம் மேலே, கரையிலிருந்து குறைந்தது நூறு அடி தள்ளி.

இன்னொரு விசயம் பலர் யோசிப்பதில்லை. ஊருக்குத் திரும்புகிற வழி ஓடையைத் தாண்டிப் போகிறதா? அய்யனார் கோவில் ஆற்றில் வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்கிற செய்தி நமக்குப் புதுசு இல்லை. நடுராத்திரியில் ஒருத்தரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகணும் என்றால் இடையில் ஓடை இருக்கக் கூடாது. ஊர் எந்தக் கரையில் இருக்கோ, டென்டும் அந்தக் கரையில்தான்.

யானை: வழியில் படுக்காதீங்க, வாசத்திலும் படுக்காதீங்க

மாம்பழ வாசம் வந்துவிட்டால் யானை மலையிறங்கும். இது நம்ம தோப்புக்காரர்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. யானை போகிற வழி பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகப் போகிற வழி. மலையிடுக்கிலிருந்து ஓடை ஓரமாக இறங்கி, தண்ணீரைத் தொட்டு, தோப்புக்குள் நுழையும். அந்தக் கோட்டில் டென்ட் இருந்தால் யானைக்கு அது வழிமறிப்பு.

அடையாளம் பார்ப்பது கஷ்டம் இல்லை. லத்தி பச்சையாக, ஈரமாக இருந்தால் நேற்றோ இன்றோ வந்திருக்கு. மரத்தில் தலைக்கு மேல் உயரத்தில் சேறு அப்பியிருந்தால் யானை உடம்பு தேய்த்த இடம். பட்டை உரிந்த மரம், வளைந்து கிடக்கிற வேலிக்கல், இதெல்லாம் எந்தக் கோட்டில் இருக்கு என்று மனசில் ஒரு வரி போடுங்கள். டென்ட் அந்த வரியிலிருந்து விலகி, மோட்டார் ரூம், வீடு மாதிரி உறுதியான கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கணும். தண்ணீர்த் தொட்டியும் கிணறும் ராத்திரியில் யானையும் பன்றியும் வருகிற இடம், நமக்குப் பகலில் மட்டும்தான்.

அடுத்தது வாசம். இதில் இயற்கை விவசாயிகள் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமாக இருக்கணும். பஞ்சகவ்யாவில் வாழைப்பழமும் இளநீரும் போடுகிறோம், ஜீவாமிர்தத்தில் வெல்லம் கரைக்கிறோம், மீன் அமிலத்தில் மீனும் வெல்லமும் ஊறுது. மனுசனுக்கே நாலு மரம் தள்ளி மணக்கிற சரக்கு யானைக்கும் கரடிக்கும் எவ்வளவு தூரம் மணக்கும்? டிரம் வைத்திருக்கிற கொட்டகைப் பக்கம் டென்ட் வேண்டாம். பறித்துக் குவித்த மாங்காயைக் காவல் காக்க அதன் பக்கத்திலேயே படுக்கிற பழக்கமும் வேண்டாம். டென்டுக்குள் பழம், அரிசி, உப்பு, பலகாரம் எதுவும் இருக்கக் கூடாது. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், காட்டை ஒட்டிய ஒரு தங்குமிடத்தில் டென்டில் தங்கிய பெண்ணை யானை கொன்றது. டென்ட் துணி யானைக்கு ஒரு தடுப்பே இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

நாய் இருக்கு, பார்த்துக்கும் என்று சிலர் சொல்வார்கள். ராஜபாளையம் நாய்க்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு நானே சொல்கிறேன்: நாய் யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டு, அது துரத்தும்போது நம்மிடம்தான் ஓடிவரும். வெளியே கட்டிப் போட்டால் சிறுத்தை தூக்கும். ராத்திரி நாய் கட்டடத்துக்குள் இருக்கட்டும்.

பக்கத்துத் தோப்பில் யாராவது பன்றிக்கு மின்சாரம் வைக்கிறார்களா என்பதையும் பகலிலேயே விசாரித்துவிடுங்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. டார்ச் எடுத்துக்கொண்டு ஒதுங்கப் போகிற விருந்தாளிக்கும் அந்தக் கம்பி தெரியாது.

மரமும் காத்தும்

மரத்தடியில் பகலில் உட்காரலாம், ராத்திரி படுக்கக் கூடாது. காய்ந்த கொப்பு காத்து இல்லாத நேரத்திலும் விழும். தென்னைக்குக் கீழே மட்டையும் தேங்காயும். மாமரத்துக்குக் கீழே பழம் விழும், பழத்துக்கு வவ்வால் வரும், பன்றி வரும். மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளிப் போடுவது பாதுகாப்பு. தேன்கூடு, கதண்டுக் கூடு இருக்கா என்று தலையை நிமிர்த்திப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுப்புப் புகை அந்தப் பக்கம் போனால் போதும், முகாம் முடிஞ்சது.

ஆனி, ஆடியில் நமக்கு மேல்காத்து. அந்த மாசங்களில் டென்ட் வாசலைக் கிழக்கே வைத்து, முதுகை மேற்கே கொடுக்கணும். சித்திரை, வைகாசியில் சாயங்கால இடி மழை. தனி மரத்தடியும் மேட்டு உச்சியும் அப்போ ஆபத்து. இடி இடித்தால் டென்டில் இருக்கக் கூடாது, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போயிடணும். கட்டடம் பக்கத்தில் இருக்கணும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீ மேல்நோக்கி ஓடும்

மாசியிலிருந்து மழை விழுகிற வரைக்கும் மலைச் சரிவில் புல் காய்ந்து நிற்கும். தீக்கு ஏற்றம்தான் சுலபம். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் என்பது காட்டுத்தீ அணைக்கிறவர்கள் வைத்திருக்கிற கணக்கு. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அது நம்ம மலைத்தொடர்தான். காய்ந்த புல் சரிவுக்கு மேலே, மேட்டு விளிம்பில், காட்சி நல்லா இருக்கு என்று டென்ட் போடாதீர்கள்.

டென்டைச் சுற்றிப் பத்தடிக்குச் சருகைக் கூட்டி எடுங்கள். எரிக்க வேண்டாம், மாமரத்துத் தூரில் மூடாக்காகப் போட்டால் மண்ணுக்கு ஆச்சு. அடுப்பு டென்டுக்குப் பக்கவாட்டில், நல்லாத் தள்ளி, வெறுந்தரையில். பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீர். படுக்கப் போகும்போது சாம்பலில் கை வைத்துப் பார்த்தால் சூடு இருக்கக் கூடாது.

மூடாக்கு மண்ணுக்கு, மனுசனுக்கு இல்லை

மூடாக்கு நம்ம உயிர். ஆனால் அதுதான் தேளுக்கும் பூரானுக்கும் பாம்புக்கும் வீடு. மெத்தென்று இருக்கே என்று அதன் மேல் டென்ட் விரிப்பது அவற்றின் கூரை மேல் படுப்பது. கல் கட்டு வரப்பு, விறகுக் குவியல், கரையான் புற்று, மட்கு உரக் குழி இவற்றுக்கும் தள்ளி இருக்கணும்.

கட்டுவிரியன் ராத்திரிப் பாம்பு. தரையில் படுத்திருக்கிறவர் விரிப்புக்குள் வரும். கடித்தால் பெரிசா வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலை வயிற்று வலி, கண் இமை சொருகுவது, பேச்சுக் குழறுவது என்று ஆரம்பித்தால் ஒரு நிமிசம் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, விசமுறி மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போகணும். கட்டுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். டென்ட் ஜிப்பை எப்போதும் மூடி வைப்பது பாதி பாதுகாப்பு. செருப்பைக் காலையில் தட்டிப் போடுங்கள்.

புதரும் உயரப் புல்லும் இருக்கிற இடத்தில் இன்னொன்று, உண்ணிக் காய்ச்சல். கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணி கடித்து, ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் பீடி சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கலாம். முகாமுக்கு வந்து போனவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், தோப்பில் தங்கினேன் என்று டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

அப்போ எங்கேதான் போடுவது? எங்கள் தோப்பில் மோட்டார் ரூமை ஒட்டிய பழைய களம்தான் டென்ட் இடம். கெட்டித்தரை, கொஞ்சம் மேடு, தண்ணீர் நிற்காது, நாலு பக்கமும் வெளி. ஏற்கெனவே இறுகிய மண் என்பதால் டென்ட் போட்டுப் போட்டு வேறு இடத்து உயிர்மண்ணை மிதித்துக் கெடுக்க வேண்டியதும் இல்லை. கழிப்பறைக் குழி அங்கிருந்து தாழ்வாக, ஓடைக்கும் கிணற்றுக்கும் 200 அடி தள்ளி.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சுற்று

இடத்தை வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்யணும். நாலு மணிக்கு நூறு தப்படி சுற்றளவில் ஒரு சுற்று வாங்க. தண்ணீர் வந்த தடம் எங்கே? லத்தியும் கால் தடமும் எந்தக் கோட்டில்? தலைக்கு மேல் என்ன இருக்கு? கீழே காய்ந்த புல் இருக்கா? ராத்திரி ஓடவேண்டி வந்தால் எந்தப் பக்கம், எந்தக் கதவு? இந்த ஐந்துக்கும் பதில் தெரிஞ்ச பிறகுதான் டென்ட் பையைப் பிரிக்கணும். விருந்தாளிகளையும் அந்தச் சுற்றில் கூட்டிப் போங்கள், அதுவே நல்ல முதல் பாடம். புதுசா நிலம் வாங்கியவர்கள் பக்கத்துத் தோப்புக் காவல்காரரிடமும், செண்பகத்தோப்பு, அத்திகோவில், தாணிப்பாறை பக்கம் இருக்கிற பளியர் பெரியவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வனச்சரக அலுவலக எண் எல்லார் போனிலும் இருக்கட்டும். யானை வந்தால் விரட்டப் போகாமல், வெடி போடாமல், கட்டடத்துக்குள் போய் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஐந்தில் ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும் அன்றைக்கு டென்ட் வேண்டாம். விருந்தாளிகளை ஊருக்குள் வீட்டிலோ மண்டபத்திலோ தங்க வைத்துவிட்டு, நல்லா விடிந்ததும் தோப்புக்குக் கூட்டி வாங்க. பண்ணையைப் பார்க்க அதுதான் நல்ல நேரமும்கூட.