சிக்னலில் மட்டும் என்ஜின் ஏன் குலுங்குகிறது?

சிக்னலில் நிற்கும் பெட்ரோல் கார் குலுங்குகிறது, வேகமெடுத்ததும் சரியாகிவிடுகிறது. ஏன்?

ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். என்ஜின் காற்றை உறிஞ்ச உறிஞ்ச, இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும். அங்கே ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், ஏர்ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று உள்ளே புகும். 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடைக் கணக்கு குலையும். வேகத்தில் த்ராட்டில் வழியே ஏராளமான காற்று வருவதால் கசிவு தெரியாது.

கண்டுபிடிக்க முதல் கருவி காதுதான்: ‘உஸ்ஸ்’ சத்தம். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். சூடான என்ஜினில் தீப்பிடிக்கலாம், வேண்டவே வேண்டாம்.

நம்பகமானது ஸ்மோக் டெஸ்ட். என்ஜினை அணைத்துவிட்டு, மேனிஃபோல்டுக்குள் குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்துவார்கள். ஹோஸ் வளைவின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத விரிசலிலிருந்து வெண்புகை நூலாய்க் கிளம்பும். பிரேக் பூஸ்டர் ஹோஸையும் அவசியம் பார்க்க வேண்டும்; அது கசிந்தால் பிரேக் பெடல் இறுகி, வண்டியை நிறுத்த அதிக பலம் தேவைப்படும்.